பழைய நடனக்குழுத் தட்டிலிருந்து பாடகரின் குரலை மீட்டெடுப்பது எப்படி

மட்டக்களப்புத் தாண்டவன்வெளியிலோ கல்முனையிலோ பழைய வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கனத்த கறுப்புத் தட்டுகள் அகப்பட்டால், முதலில் லேபிளைப் பாருங்கள். எச்.எம்.வி., கொலம்பியா, டெக்கா, பார்லபோன் என்ற பெயர்களில் ஒன்றும், பாட்டின் பெயருக்குக் கீழே ஃபொக்ஸ்ட்ரொட், குயிக்ஸ்டெப், வால்ட்ஸ் என்று ஆட்ட வகையும் இருந்தால், அது பெரும்பாலும் 1920களுக்கும் 1940களுக்கும் இடைப்பட்ட நடனக்குழுத் தட்டு, அதாவது மண்டபங்களில் சோடியாக ஆடுவதற்கு வாசிக்கும் இசைக்குழுவின் தட்டு. வானொலி பரவத் தொடங்கிய காலத்து இசை அது.

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம் ஓடும். அதில் பாடகருக்குக் கிடைப்பது நடுவில் பாட்டை ஒரு தடவை பாடும் ஒரேயொரு சுற்று: 40 விநாடி, கூடினால் ஒரு நிமிடம். மிச்சமெல்லாம் ஆடுகிறவர்களுக்காக வாசிக்கப்பட்டது. அந்த ஒரு சுற்றுக்காகத்தான் கீழே சொல்லும் பாடு முழுவதும்.

1925க்கு முன் கூம்புக்குள் பாடித்தான் பதிந்தார்கள். உரத்த குரல் மட்டுமே மெழுகில் ஏறியது. 1925இல் மைக்ரோபோன் வந்ததும் பிங் கிரொஸ்பி, அல் பவுலி போன்ற பாடகர்கள் காதோடு பேசுவதுபோலப் பாட முடிந்தது. அவர்கள் கலையில் பாதி மூச்சிலும் உதடு பிரியும் ஒலியிலும் இருக்கிறது. அந்த மெல்லிய ஒலிகள் 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே கிடக்கின்றன. அரக்குத் தட்டின் இரைச்சலும் அங்கேதான் குடியிருக்கிறது. இரைச்சலைக் கொல்லப் புறப்பட்டவர்கள் பாடகரையும் சேர்த்துக் கொன்றுவிடுவது இதனால்தான்.

கழுவுதல்

ஸ்பிரிட், சேர்ஜிக்கல் ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். தட்டைப் பிணைப்பது அரக்கு. அல்ககோல் அதைக் கரைக்கும். ஒரு தடவை துடைத்தாலே மினுக்கம் போய்ச் சாம்பல் பூத்துவிடும், திரும்ப வராது. மினுக்கத்துக்காகத் தேங்காயெண்ணெய் பூசுவதும் கேடு. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பள்ளத்தை அடைத்துவிடும்.

வேண்டியது பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு லீற்றர், வாசனையும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி, மென்மையான பிரஷ் ஒன்று, நூல் உதிராத துவாய் இரண்டு. கிணற்றுத் தண்ணீர் வாவிக்கரைப் பக்கம் உவர். காய்ந்ததும் பள்ளத்துக்குள் உப்பு நிற்கும். 2004 சுனாமியிலோ பிறகு வந்த வெள்ளங்களிலோ நனைந்த தட்டென்றால், சவர்க்காரத் தண்ணீருக்கு முன் வெறும் வடித்த தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். உப்புப் பரல் இருக்கும்போது பிரஷ் போட்டால் அது அரத்தாள் வேலை செய்யும்.

பிரஷைப் பள்ளத்தின் வழியே, வட்டமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக்கூடாது. பழைய கொலம்பியாத் தட்டுகள் சிலவற்றின் நடுவில் கடதாசி அடுக்கு உண்டு; விளிம்பு வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே போய் மேற்தோல் கிளம்பிவிடும். அவற்றை ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதோடு விடுங்கள். காய வைப்பது நிழலில், நிறுத்தி வைத்து. வெயிலில் வைத்த தட்டு நெளிந்து போகும். கச்சான் அடிக்கிற மாதங்களே இந்த வேலைக்கு வாய்ப்பானவை. மாரியில் கழுவினால் உறைக்குள் போட்ட பிறகும் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

ஊசி

சாவி கொடுக்கிற கிராமபோனில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். ஒரு பக்கத்துக்கு ஒரு புது உருக்கு ஊசி என்பதுதான் அந்தக் காலத்து விதி. தட்டுக்குள் கல்தூள் கலந்திருப்பதே ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருத்தத்தான். தேய்ந்த ஊசியை அடுத்த பக்கத்துக்கும் பாவித்தால் அது உளியாகிவிடும், முதலில் போவது குரலின் மேல்பகுதி. ஆகவே பதிவெடுத்து முடியும்வரை கிராமபோனை மூடியே வையுங்கள்.

பதிவுக்கு நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் வேகம் உள்ள சுழல்மேடையும், ஊசியின் அசைவை மின்னாக்கும் காந்த வகை காட்ரிட்ஜும், 78 என்று அழைக்கப்படும் இந்தத் தட்டுகளுக்கென்றே செய்த ஊசியும் வேண்டும். பின்னாளில் வந்த நீண்டநேரத் தட்டான எல்பியின் ஊசி முனையின் ஆரம் 0.0007 அங்குலம், 78 ஊசியுடையது 0.003 அங்குலம். எல்பி ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் இறங்கி அங்கே தங்கிய அழுக்கைத்தான் வாசிக்கும். இசை இருப்பது சுவரில். பாரம் 3 முதல் 5 கிராம். இதற்குக் குறைத்தால் உரத்த ட்ரம்பெட் இடங்களில் ஊசி துள்ளும். பழைய ரேடியோகிராமில் ஊசியைத் திருப்பும் சிறு நெம்பு இருந்தால், அது 78 பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தட்டை வையுங்கள்.

வேகம்

நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மோட்டர் 60க்கு அமைத்ததென்றால் இங்கே 78க்குப் பதில் 65இல் சுற்றும்; பாடகி பாடகராகிவிடுவார். 77 கோடுகள் உள்ள சுழற்சி அளவுத் தாளை அச்சடித்துச் சுழல்மேடையில் வைத்து, சோக் உள்ள ரியூப் லைட்டின் கீழ் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92. நல்ல எல்.ஈ.டி. பல்பு துடிக்காது, அதன் கீழே இந்தச் சோதனை பலிக்காது.

கோடு நின்றாலும் காதால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், ஏனெனில் பதிவு செய்தவர்களே சில வேளை வேகம் தவறியிருக்கிறார்கள். சக்ஸபோனும் ட்ரம்பெட்டும் உள்ள குழுக்கள் பெரும்பாலும் எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் சுருதிகளில் வாசித்தன. தட்டு ஈ அல்லது பி சுருதியில் கேட்டால் வேகத்தைச் சந்தேகியுங்கள். அரைச் சுருதி என்பது சுமார் 6 வீதம். 78இல் நாலரைச் சுற்றுக்குச் சற்றே மேல். கீபோர்ட் இல்லாவிட்டால், கபிரிஞ்ஞா என்ற ஆட்டத்துக்கு வயலின் வாசிக்கும் பறங்கியர் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர்) ஒருவரைப் பிடியுங்கள். அந்தக் காதுக்கு இது சின்ன வேலை.

கணினியில்

24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ், ஸ்டீரியோவில் பதியுங்கள்; ஒரு பக்கம் சுமார் 100 எம்.பி. வரும். தட்டு மோனோதான், ஆனாலும் பள்ளத்தின் இரு சுவர்களும் ஒரே அளவாய்த் தேய்வதில்லை. இடம் வலம் இரண்டையும் தனித்தனியே கேட்டு, ஒன்று தெளிவாக இருந்தால் அதை மட்டும் எடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் சேர்த்து மோனோவாக்குங்கள், மேல்கீழ் அசைவின் இரைச்சல் கணிசமாய் அடங்கும். வெடிப்பொலிகள் இசையைவிட உயரமாய் எழும்பும் என்பதால் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டவிடாதீர்கள்.

ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். முதலில் கிளிக் நீக்கம். பெரிய வெடிப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக. அதன்பின் சமன்செய்தல், அதாவது பாஸையும் மேல் ஒலிகளையும் சரியான அளவுக்குக் கொண்டுவருதல். சுழல்மேடையின் ஒலியைப் பெருக்கும் சாதாரண ஃபோனோ பெட்டி, எல்பிக்கான ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற சமன்செய்யும் வளைவைப் போட்டிருக்கும். அது 78க்குப் பொருந்தாது, மேல் ஒலிகளை அமுக்கிக் குரலைப் போர்வைக்குள் தள்ளிவிடும். அந்த வளைவைத் தலைகீழாக்கி நீக்கிவிட்டு, 1930களின் பிரித்தானியத் தட்டுக்கு 250 ஹேர்ட்ஸுக்குக் கீழே பாஸைத் தூக்குங்கள். மேலே கை வைக்க வேண்டாம்.

இரைச்சல் குறைப்பு கடைசி. இசை தொடங்குமுன் ஊசி ஓடும் வெற்றுப் பள்ளத்தை மாதிரியாகக் கொடுத்து 4 முதல் 6 டெசிபெல் மட்டும் குறையுங்கள். மென்பொருள் தானாகக் காட்டும் அளவு பெரும்பாலும் கூடுதல். பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் கேளுங்கள். மூச்சு மறைந்திருந்தால், அல்லது தண்ணீருக்குள் பாடுவதுபோல் இருந்தால், பின்வாங்குங்கள். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும், காது இரண்டு நிமிடத்தில் அதை மறந்துவிடும்.

யார் பாடுகிறார்?

லேபிளில் குழுத்தலைவர் பெயர் பெரிதாக இருக்கும். பாடகருக்கு ‘குரல் சுற்றுடன்’ என்ற பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள்தான். மலிவு விலை லேபிள்களில் குழுவின் பெயரே புனைபெயர். ஆகவே லேபிளை நம்பாமல், இசை முடிந்து லேபிள் தொடங்கும் வெற்றிடத்தில் சாய்வெளிச்சம் போட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் இட்ட மேட்ரிக்ஸ் எண்ணைப் படியுங்கள். எச்.எம்.வி. தட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் சிறு முக்கோணமோ சதுரமோ இருந்தால் அது மைக்ரோபோன் வைத்துச் செய்த மின்பதிவு. கல்கத்தாவின் டம் டம் ஆலையில் அழுத்திய தட்டுகளும் பெரும்பாலும் மூல எண்ணையே தாங்கியிருக்கும். அமெரிக்கப் பதிவென்றால், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகம் இணையத்தில் வைத்திருக்கும் ஒலிப்பதிவுத் தரவுத்தளத்தில் எண்ணைத் தேடினால், பதிந்த நாளும் பாடியவர் பெயரும் பல தடவை கிடைத்துவிடும்.

எண் அழிந்திருந்தால் தாளத்தைக் கேளுங்கள். பாஞ்சோவும் டியூபாவும் ‘ஊம்-பா’ என்று நடந்தால் பெரும்பாலும் 1932க்கு முந்தியது. கிற்றாரும் நரம்புப் பாஸும் நான்கு அடியையும் சமமாய்த் தட்டினால் பிந்தியது, ஸ்விங் என்ற துள்ளல் ஜாஸின் பக்கம். ஸ்விங் குழுத்தலைவர் பென்னி குட்மனின் குழு 1934 டிசம்பர் முதல் 1935 மே வரை என்.பி.சி. வானொலியில் பின்னிரவில் வாசித்தது. அமெரிக்காவின் மேற்குக்கரையில் அது முன்னிரவு. அங்கே கேட்டுப் பழகிய இளைஞர்கள்தான் 1935 ஆகஸ்ட் 21இல் லொஸ் ஏஞ்சலீசில் பலோமார் மண்டபத்தை நிறைத்தார்கள். அதன் பிறகு வந்த தட்டுகளில் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்ட், சிக் வெப் குழுவோடும், ஃபிராங்க் சினாட்ரா 1940 முதல் 1942 வரை டொமி டோர்சி குழுவோடும் பாடியவை உண்டு. குழுவே இல்லாமல் கோரஸ் மட்டும் பின்னால் முனகினால் 1942 ஆகஸ்ட் 1இல் தொடங்கிய அமெரிக்க இசைக்கலைஞர் வேலைநிறுத்தக் காலத்தை நினையுங்கள்; பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை, அவர்கள் மட்டும் பதிந்தார்கள். போர்க்காலத்து பிரித்தானியத் தட்டு புதிதுபோல் இருந்தும் இரைந்தால் கழுவலில் குறை தேடாதீர்கள். அரக்குத் தட்டுப்பாட்டில் பழைய தட்டுகளை அரைத்துச் சேர்த்தார்கள்.

வைப்பது

கடதாசி உறையில், புத்தகம்போல் நிறுத்தி. படுக்க வைத்து அடுக்கினால் அடித்தட்டு வெடிக்கும். பொலித்தீன் உறை வாவிக்கரை ஈரப்பதனில் பூஞ்சணப் பண்ணை. அலுமாரியின் கால்களை நிலத்திலிருந்தும், முதுகைச் சுவரிலிருந்தும் ஒரு சாண் விலக்கி வையுங்கள். கறையான் அரக்கைத் தொடாவிட்டாலும் உறையையும் லேபிளையும் தின்றுவிடும், லேபிள் போனால் பாடகரின் பெயரும் போகலாம். அதனால் கழுவுவதற்கு முன்பே இரண்டு பக்க லேபிளையும் மேட்ரிக்ஸ் எண்ணையும் படமெடுத்து, ஒலிக்கோப்பின் பெயரிலேயே அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.