கயிலை யாத்திரை: மன அமைதியைக் கெடுக்கும் தவறுகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கயிலை யாத்திரை என்பது பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, சேமநிதிப் பணம் கையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய காரியம். பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் உழைத்த உடம்பு, தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறிய கால் என்ற தெம்பில் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். போய் வந்தவர்களிடம் "மனசு எப்படி இருந்தது?" என்று கேட்டால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. தலைவலி, வாந்தி, தூங்காத இரவு, இவைதான் நினைவில் நிற்கின்றன. தங்கள் பக்தி போதவில்லை என்று நொந்துகொள்கிறார்கள். நான் பழி போடுவது பயணத் திட்டத்தின் மேல்.

நாள் குறைந்த பேக்கேஜைத் தேடுவதுதான் எல்லாவற்றுக்கும் வேர். காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். மானசரோவர் ஏரிக்கரை சுமார் 4,590. நடுவில் இருக்கும் மூவாயிரத்துச் சொச்சம் மீட்டரை எத்தனை இரவுகளில் ஏறுகிறோம் என்பதில் யாத்திரையே அடங்கியிருக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுத்துத் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. நேபாளத்தின் சிமிகோட், ஹில்சா வழியாக ஹெலிகாப்டரில் போனால் நாள் மிச்சமாகும். உடம்பு பழகிக்கொள்ள வேண்டிய இரவுகளும் அதோடு போய்விடும். சாலை வழியும் முழுப் பத்திரம் அல்ல. திபெத்துக்குள் சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் கேரோங்கிலிருந்து சுமார் 4,500 மீட்டரில் இருக்கும் சாகாவுக்கு ஒரே நாளில் வண்டி ஓட்டிவிடுவார்கள். அதனால் ஏஜென்டிடம் விலை பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்; கேரோங்கிலும் சாகாவிலும் கூடுதலாக ஓரோர் இரவு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கினபாலு மலை ஏறிய இளைஞர்களுக்கும் இது பொருந்தும். உடற்பயிற்சி கால்வலியைத்தான் குறைக்கும், ஆக்சிஜன் குறைந்த உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் உயர நோயைத் தடுக்காது. தெம்பில் வேகமாக ஏறி முதலில் படுத்துவிடுகிறவர் பல நேரம் இளைஞர்தான்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து மூச்சை அடக்கி நெடுநேரம் கும்பகம் செய்வது இன்னொரு தவறு. கிடைக்கும் ஆக்சிஜனே குறைவு. அதையும் ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்? மூச்சு தன் போக்கில் போகட்டும், கவனம் மட்டும் அதில் இருந்தால் போதும். கடும் விரதமும் வேண்டாம். அந்த உயரத்தில் பசி தானாகவே குறைந்துவிடும் என்பதால் கஞ்சியோ ரசம் சாதமோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். இரவில் மூச்சு சில விநாடி நின்று, திடுக்கென்று விழிப்பு வரும். கெட்ட சகுனம் என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. அந்த உயரத்தில் தூங்குகிறவர் பலருக்கும் வருவதுதான் அது. தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நம் ஆட்களிடம் எனக்கு மிகவும் கவலை தருவது, உடம்பு முடியவில்லை என்பதை மறைக்கும் பழக்கம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கில் பேர் விழாவிட்டால் சம்பளம் போய்விடும் என்று காய்ச்சலோடு வேலைக்குப் போன தலைமுறை இது, வாய் திறக்காது. தலைவலியோடு குமட்டலும் மயக்கமும் சேர்ந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும். "சாமி பார்த்துக்கொள்வார்" என்று விபூதி பூசிப் படுக்க வைப்பது கொலைக்குச் சமம். கடுமையாகத்தான் சொல்கிறேன்.

மலையைச் சுற்றி வரும் பரிக்கிரமாவை முடித்தே தீருவேன் என்ற வைராக்கியமும் இதோடு சேர்ந்தது. சுற்றுப்பாதை சுமார் 52 கிலோமீட்டர், வழக்கமாக மூன்று நாள். இரண்டாம் நாள் தாண்ட வேண்டிய தோல்மா லா கணவாய் சுமார் 5,630 மீட்டர்; அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். முதல் நாள் தீராபுக் வரை போனாலே மலையின் வடமுகம் நேர் எதிரே நிற்கும். அங்கிருந்து திரும்புவதில் ஒரு தாழ்வும் இல்லை. கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்தும் கயிலையை எட்டாத அப்பருக்குத் திருவையாற்றில்தானே காட்சி கிடைத்தது?

அப்புறம் சத்தம். புளூடூத் ஸ்பீக்கரில் பஜனை, நிமிடத்துக்கு ஒரு செல்ஃபி, வீட்டுக்கு வீடியோ கால், இதற்கு நடுவே எங்கே அமைதி? குடும்பத்துக்கு ஒரு நாளில் ஒரு நேரம் என்று முன்பே சொல்லிவிடலாம். எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருகிறவர்களைத் திருத்தவும் போகாதீர்கள். அவர்கள் திபெத்தின் பழைய சமயமான பான் சமயத்தார், இடஞ்சுற்றுதான் அவர்கள் முறை. கண்ணீர் வரவில்லை, மெய்சிலிர்க்கவில்லை என்று பக்கத்தில் அழுகிறவரோடு ஒப்பிட்டுக்கொள்வதும் வீண் வேலை.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் கொடுத்தார் என்று விழுங்காமல், சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. பெட்டியில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். எந்தெந்த மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியல் அறையில் கூடத் தங்குபவரிடம் ஒன்று இருக்கட்டும்.