அமெரிக்கச் சிசு மரண விகிதம்: நூறாண்டுப் போக்கை வரைவதும் படிப்பதும்

அமெரிக்காவில் 1915-ல் உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் ஏறக்குறைய 100 குழந்தைகள் ஒரு வயதைத் தொடவில்லை. 2022-ல் இது 5.6. இந்த இரண்டு எண்களையும் ஒரு கோட்டால் இணைத்தால் சரிவு மட்டும்தான் தெரியும். இடையில் ஒருமுறை அந்தச் சரிவு பத்தாண்டுக்கும் மேல் தளர்ந்ததும், 2000-க்குப் பிறகு மறுபடி தளர்ந்திருப்பதும் தெரியாது. அவை கண்ணில் படும்படி வரைபடம் போடுவது எப்படி, எங்கே சறுக்கும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் எந்த எண் என்று முடிவு செய்யுங்கள்

சிசு மரண விகிதம் என்பது ஒரு வயதுக்குள் நேரும் இறப்புகளை உயிருடன் பிறந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து 1,000-ஆல் பெருக்குவது. இறந்தே பிறந்தவை இதில் வராது. முதல் 28 நாட்களுக்குள் நேர்வது பச்சிளங்குழந்தை மரணம். 28-ஆம் நாளிலிருந்து ஒரு வயது வரை உள்ளதைத் தனியாகக் கணக்கிடுவார்கள். 1 முதல் 4 வயது வரையிலான விகிதத்துக்கு வகுக்கும் எண்ணே வேறு: அந்த வயதில் உள்ள ஒரு லட்சம் பேருக்கு, ஓர் ஆண்டுக்கு எத்தனை இறப்பு என்று தருவார்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட மரண விகிதம் வேண்டுமென்றால் இந்த இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. 2000-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். சிசு மரண விகிதம் 1,000-க்கு 6.9; 1-4 வயது விகிதம் லட்சத்துக்கு 32.4. பின்னதை நான்கு ஆண்டுகளுக்காக 4-ஆல் பெருக்கினால் லட்சத்துக்கு 129.6, அதாவது 1,000-க்கு சுமார் 1.3. பிழைக்கும் வாய்ப்புகளைப் பெருக்குங்கள்: 0.9931 × 0.9987 = 0.9918. ஒன்றிலிருந்து கழித்தால் 1,000-க்கு சுமார் 8.2. விகிதங்கள் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது கூட்டினாலும் கிட்டத்தட்ட இதே விடைதான் வரும். 1915 போன்ற ஆண்டுகளில் வராது. அதனால் எல்லா ஆண்டுக்கும் பெருக்கல் முறையையே வைத்துக்கொள்ளுங்கள்.

தொடரைக் கோர்ப்பது

1915-ல் தொடங்கிய பிறப்புப் பதிவுப் பகுதியில் 10 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் மட்டுமே இருந்தன. பிறப்புகளில் 90 சதவீதமாவது பதிவாகிறது என்று காட்டிய மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசியாக 1933-ல் டெக்சாஸ் வந்தது. ஆகவே 1915 முதல் 1932 வரை உள்ள கோடு முழு நாட்டுடையது அல்ல. சேர்ந்துகொண்டே போன மாநிலங்களுடையது. அந்தப் பகுதியைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். வரைபடத்திலேயே இதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

பதிவில் விடுபட்டவையும் விகிதத்தை மாற்றும். பிறப்பு பதிவாகாவிட்டால் வகுக்கும் எண் சிறுத்து விகிதம் கூடும். இறப்பு பதிவாகாவிட்டால் விகிதம் குறையும். 1940-ல் சரிபார்த்தபோதுகூட நாடு முழுவதும் 92.5 சதவீதப் பிறப்புகளே பதிவாகியிருந்தன.

ஒரு தனி ஆண்டைத் தொடக்கப் புள்ளியாக எடுப்பதிலும் கவனம் வேண்டும். 1917-ல் 93.8, இன்ஃப்ளுயன்சா பரவிய 1918-ல் 100.9, 1919-ல் 86.6. 1918-லிருந்து தொடங்கினால் முன்னேற்றம் செயற்கையாகப் பெரிதாகும்.

அச்சை மாற்றுங்கள்

இந்த வேலையில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். சாதாரண அளவுகோலில் 100-லிருந்து 50-க்கு இறங்குவது மலைச்சரிவாகத் தெரியும்; 10-லிருந்து 5-க்கு இறங்குவது தரையோடு தரையாகக் கிடக்கும். இரண்டுமே ஆபத்து பாதியானதுதான். எக்செலில் செங்குத்து அச்சின் அமைப்புக்குள் போய் லாகரிதமிக் ஸ்கேலைத் தேர்ந்தெடுங்கள். அடிமானம் 2, குறைந்தபட்சம் 4, அதிகபட்சம் 128 என்று கொடுங்கள். இப்போது ஒவ்வொரு கிடைக்கோடும் அதற்கு மேலுள்ளதில் சரிபாதி.

பிறகு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்கிடுங்கள்: தொடக்க எண்ணை முடிவு எண்ணால் வகுத்து, இயல் மடக்கை (எக்செலில் LN) எடுத்து, ஆண்டுகளால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 1915-லிருந்து 1950 வரை (99.9 → 29.2) ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம். 1950-60-ல் (29.2 → 26.0) வெறும் 1.2. 1960-80-ல் (26.0 → 12.6) 3.6. 1980-2000-ல் (12.6 → 6.9) 3.0. 2000-2020-ல் (6.9 → 5.4) மீண்டும் 1.2. "எண் ஏற்கெனவே சிறியதாகிவிட்டது, இனி எங்கே குறைய?" என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. ஜப்பானும் பின்லாந்தும் இதைவிடக் கீழே வெகுகாலமாக நிற்கின்றன.

28-ஆம் நாளில் வெட்டிப் பாருங்கள்

1950-ல் பச்சிளங்குழந்தை மரணம் 20.5, அதற்குப் பிந்தையது 8.7. 1970-ல் 15.1, 4.9. 2000-ல் 4.6, 2.3. இரண்டு கோடுகளும் ஒரே காரணத்தால் இறங்கவில்லை. பிந்தைய கோட்டில் தொற்றுநோய், குடிக்கும் பால், வீட்டுச் சூழல், தூங்கும் முறை ஆகியவை பேசுகின்றன. முந்தைய கோட்டில் குறைப்பிரசவமும் பிறவிக் குறைபாடுகளும் மருத்துவமனைப் பராமரிப்பும்.

1963 ஆகஸ்டில் அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, சுமார் 2.1 கிலோ எடையில் பிறந்து, நுரையீரல் முதிராததால் மூச்சுத்திணறி 39 மணி நேரத்தில் இறந்தான். நாட்டின் மிக உயர்ந்த சிகிச்சையாலும் காப்பாற்ற முடியவில்லை. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1990-ல். இன்று அந்த எடையில் பிறக்கும் குழந்தை பிழைப்பதே வழக்கம். பச்சிளங்குழந்தைக் கோட்டின் பெரும்பகுதியை இந்த மாற்றம்தான் நகர்த்தியது.

காரணங்களுக்குப் போகும்போது

இறப்புக் காரணங்களுக்குக் குறியீடு தரும் சர்வதேச நோய்ப் பட்டியலின் பதிப்பு மாறும் ஆண்டுகளில் (அமெரிக்காவில் 1979, 1999) கோட்டில் உடைப்பு வரலாம். செங்குத்துக் கோடு போட்டுக் காட்டுங்கள். திடீர் சிசு மரணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. குழந்தையைக் குப்புறப் போடாமல் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்க வைக்கும்படி 1992-ல் குழந்தைநல மருத்துவர் சங்கம் அறிவுறுத்தி, 1994-ல் தேசிய இயக்கம் தொடங்கியதும் இறப்புகள் உண்மையாகவே வேகமாகக் குறைந்தன. ஆனால் 1999-க்குப் பிறகு பதிவான சரிவில் ஒரு பகுதி வெறும் பெயர்மாற்றம். முன்பு திடீர் சிசு மரணம் (குறியீடு ஆர்95) என்று எழுதப்பட்டவை "காரணம் தெரியவில்லை" (ஆர்99) என்றும், "படுக்கையில் மூச்சடைப்பு" (டபிள்யூ75) என்றும் எழுதப்படத் தொடங்கின. மூன்றையும் கூட்டியே வரையுங்கள்.

ஏற்றம் உண்மையா, தற்செயலா?

ஒரு மாவட்டத்தில் 4,000 பிறப்பு, 24 இறப்பு என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 6.0. இதை 24-இன் வர்க்கமூலத்தால் (4.9) வகுத்தால் திட்டப்பிழை (தற்செயலால் எண் எவ்வளவு அசையும் என்பதன் அளவு) 1.2. இருபுறமும் அதன் ஏறக்குறைய இரு மடங்கு எடுத்தால் 95 சதவீத வரம்பு சுமார் 3.6 முதல் 8.4 வரை. அடுத்த ஆண்டு 7.5 ஆனாலும் எதுவும் சொல்வதற்கில்லை. சிறிய இடங்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்து எடுங்கள். 20-க்கும் குறைவான இறப்புகளில் கணக்கிட்ட விகிதத்தை நம்பத்தகாதது என்றே தேசிய சுகாதாரப் புள்ளியியல் மையம் குறிக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புள்ளிவிவரத் தளமான சிடிசி வொண்டரில் 10-க்குக் கீழுள்ள எண்ணிக்கைகள் மறைக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டங்களைப் பூஜ்யமாக நிரப்பிவிடாதீர்கள்.

இதே கணக்கை நாட்டுக்குப் போட்டால் நிலைமை வேறு. 2022-ல் 20,500-க்கும் மேற்பட்ட இறப்புகள், திட்டப்பிழை 0.04 மட்டுமே. 2021-ஐவிட விகிதம் சுமார் 3 சதவீதம் கூடியதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

பிற நாடுகளோடும், நாட்டுக்குள்ளேயும்

22, 23 வாரத்தில் பிறந்து சில நிமிடம் மட்டும் உயிரோடு இருந்த குழந்தையை ஒரு நாடு உயிருள்ள பிறப்பாகவும் இன்னொன்று இறந்தே பிறந்ததாகவும் பதியக்கூடும். அதனால் 24 வாரத்துக்குக் குறைந்தவற்றை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். அப்படி நீக்கினால் 2010-ல் அமெரிக்காவின் 6.1 என்பது 4.2 ஆகிறது. அப்போதும் பின்லாந்து, ஸ்வீடனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பதிவுமுறை வித்தியாசம் இடைவெளியின் ஒரு பகுதியைத்தான் விளக்குகிறது.

நாட்டுக்குள் இன வேறுபாட்டைக் காட்டும்போது வித்தியாசத்தையும் மடங்கையும் சேர்த்தே கொடுங்கள். 1950-ல் கறுப்பினக் குழந்தைகளுக்கு 43.9, வெள்ளையினக் குழந்தைகளுக்கு 26.8: வித்தியாசம் 17.1, மடங்கு 1.6. 2022-ல் 10.9-உம் 4.5-உம்: வித்தியாசம் 6.4, மடங்கு 2.4. ஒன்றை மட்டும் சொன்னால் இடைவெளி குறைந்தது என்றோ கூடியது என்றோ விரும்பியதை நிறுவிவிடலாம். இரு ஆண்டுகளின் வகைப்படுத்தலும் ஒன்றல்ல: பழைய எண்கள் குழந்தையின் இனப்படி, புதியவை தாயின் இனப்படி, அதுவும் ஹிஸ்பானிக் அல்லாதவர்களுக்கு மட்டும். பிறப்புப் பட்டியல்கள் தாயின் இனத்துக்கு மாறியது 1989-ல். 1980 முதல் தாயின் இனப்படி திருத்தி வெளியிட்ட தொடர் கிடைக்கிறது. கோட்டை அந்தத் தொடர் தொடங்கும் 1980-ல் முறித்து, இரு பக்கமும் எந்த வரையறை என்று எழுதிவிடுங்கள்.