நாணயத்தில் பச்சைப் பிசுக்கா? தேய்க்காதீர்கள்

விற்பதற்காக வாங்கிய பழைய வெள்ளி நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால், துணியால் தேய்க்காமல் சுத்தமான அசிட்டோன் என்ற கரைப்பான் திரவத்தில் 10 நிமிடம் ஊறப்போடுங்கள். கண்ணாடிக் கிண்ணம்தான் சரி. சில பிளாஸ்டிக்குகள் அதில் கரைந்துவிடும். பிறகு புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாக உலர விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

அந்தப் பிசுக்கு பெரும்பாலும் நாணயம் வைத்திருந்த பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்தது. அசிட்டோன் அதைக் கரைக்கும், வெள்ளியை ஒன்றும் செய்யாது. தேய்த்தாலோ, விளக்கொளியில் சாய்த்துப் பிடித்ததும் மயிரிழைக் கீறல்கள் பளிச்சென்று தெரியும். சேகரிப்பாளர் அங்கேயே விலையைக் குறைப்பார். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள எண்ணெய் படலமாக ஒட்டும்.

உலோகத்தை அரித்துவிட்ட கெட்டிக் களிம்புக்கு இது உதவாது. வண்ணம் பூசிய நாணயம், பதக்கங்களில் செய்தால் பூச்சே போய்விடும்.