செம்பு அண்டாவில் வெந்நீர் போட எவ்வளவு வெப்பம் வேண்டும்?

பாளையங்கோட்டையில் என்னிடம் வேதியியல் படிக்க வரும் பிள்ளைகள் சூத்திரத்தை மறப்பதில்லை. அலகில்தான் சறுக்குகிறார்கள். அதனால் வீட்டுப் பாத்திரத்தை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம்.

மார்கழிக் காலை. 4 கிலோ செம்பு அண்டா, அதில் 20 லிட்டர் தாமிரபரணித் தண்ணீர். 27 டிகிரி செல்சியஸிலிருந்து 42 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்.

முதலில் சூத்திரம்: வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம். 1 கிராம் பொருளை 1 டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பமே தன்வெப்பம். தண்ணீருக்கு 4.18 ஜூல், செம்புக்கு 0.385 ஜூல்.

அடுத்தது அலகு. இங்கே அவசரமே கூடாது. தன்வெப்பம் கிராம் கணக்கில் இருக்கிறது, எனவே நிறையையும் கிராமாக்குங்கள்: தண்ணீர் 20,000 (1 லிட்டர் ஏறக்குறைய 1 கிலோ), செம்பு 4,000. வெப்பநிலை மாற்றம் 15. செல்சியஸைக் கெல்வின் என்ற அளவுக்கு மாற்றக் கூட்டும் 273-ஐ இதோடு கூட்டாதீர்கள். இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையிலான வித்தியாசம் செல்சியஸிலும் கெல்வினிலும் ஒன்றுதான்.

தண்ணீர்: 20,000 × 4.18 × 15 = 12,54,000 ஜூல், அதாவது 1,254 கிலோஜூல்.
செம்பு: 4,000 × 0.385 × 15 = 23,100 ஜூல், அதாவது 23.1 கிலோஜூல்.
மொத்தம் 1,277.1 கிலோஜூல். கலோரியில் கேட்டால் 4.184-ஆல் வகுங்கள்: சுமார் 305 கிலோகலோரி.

கிலோவை மாற்றாமல் 20 என்றே போட்டிருந்தால் 1,254 ஜூல் என்று வரும். அது 300 மில்லி தண்ணீரை 1 டிகிரி சூடேற்றத்தான் காணும். ஒரு டம்ளருக்கான வெப்பத்தில் அண்டா சுடுமா? விடை வந்ததும் இப்படி ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பரீட்சையில் இந்தக் கேள்விதான் கைகொடுக்கும்.

அண்டா வெள்ளியில் இருந்தால்? தனிம வரிசை அட்டவணையின் 11-ஆம் தொகுதியில் மேலிருந்து கீழே செம்பு, வெள்ளி, தங்கம். அணுநிறை 63.5, 107.9, 197 என ஏறுகிறது, தன்வெப்பம் 0.385, 0.235, 0.129 என இறங்குகிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 24.4, 25.4, 25.4. அணு கனமாக ஆக, ஒரு கிராமில் அணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் ஒவ்வொரு அணுவும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் வாங்குகிறது. இதை 1819-இல் டூலாங், பெட்டி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கண்டு சொன்னார்கள். எனக்கு இன்றும் அலுக்காத இடம் இது. சாதாரண வெப்பநிலையில் பெரும்பாலான உலோகங்களுக்கு இது பொருந்தும், வைரத்துக்குப் பொருந்தாது.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு உண்மையில் வெள்ளீயம். அணுநிறை 118.7. மேலே பெருக்கி வந்த விடை ஏறக்குறைய 25, அதை இந்த அணுநிறையால் வகுத்தால் தன்வெப்பம் 0.21 என வரும், தன்வெப்ப அட்டவணையில் இருப்பது சுமார் 0.23. அரைக் கிலோ சொம்பை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏற்ற எத்தனை ஜூல் என்று, இரண்டு மதிப்பையும் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.