எலும்பாகும் ஸ்டெம் செல்: எங்கெல்லாம் தப்புக்கணக்குப் போடுகிறோம்

கால் எலும்பு முறிந்து, ராடு வைத்து, வருடம் ஒன்று ஓடியும் எலும்பு கூடவில்லை என்றால், பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது "இப்பதான் ஸ்டெம் செல் வந்திருச்சே, ஊசி போட்டா தானா வளருமாமே" என்பார். அது முழுப் பொய் அல்ல. ஸ்டெம் செல் என்றால் பெருகிக்கொண்டே வேறு வகை செல்லாகவும் மாறக்கூடிய மூல செல். அவற்றில் புது எலும்பை உண்டாக்குபவையும் நம் உடம்பில் இருக்கின்றன. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உண்டு, எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலும் உண்டு. சாதாரணமாக ஒரு முறிவு கூடும்போது வேலை செய்வதே அவைதான். ஆனால் அவை இருக்கின்றன என்பது ஒரு செய்தி. ஊசியில் ஏற்றினால் எலும்பு வளரும் என்பது வேறு செய்தி. முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதை நம்பிவிடுகிறோம்.

மஜ்ஜையில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல

இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சி எடுக்கும் மஜ்ஜையில் இரண்டு வகை ஸ்டெம் செல் உண்டு. ஒன்று ரத்தத்தை உண்டாக்குவது. ரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இதை நம்பித்தான் நடக்கிறது. மற்றொன்று எலும்பை உண்டாக்குவது. இந்த இரண்டாவதை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன். 1960களில் மாஸ்கோவின் கமலேயா நிறுவனத்தில் (பின்னாளில் ஸ்புட்னிக் கொரோனா தடுப்பூசி வந்த அதே இடம்) அவரும் கூட்டாளிகளும் ஒரு விலங்கின் மஜ்ஜையை எடுத்து, இன்னொரு விலங்கின் உடலில் எலும்பே இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே குட்டியாக ஓர் எலும்பு உருவானது, அதற்குள் மஜ்ஜையும் நிரம்பியது. எலும்பு, மஜ்ஜையைக் கொடுத்த விலங்கின் செல்களால் ஆனது. உள்ளே ஊறிய ரத்த செல்களோ பெற்றுக்கொண்ட விலங்குடையவை. வீட்டைக் கட்டியவர் ஒருவர், குடிவந்தவர் வேறொருவர்.

இந்த வித்தியாசம் தெரியாததால்தான் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கும்போது, "நாளைக்கு எலும்பு, மூட்டு எதுக்கானாலும் உதவும்" என்ற பேச்சை நம்பிவிடுகிறோம். அந்த ரத்தத்தில் இருப்பவை பெரும்பாலும் ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்களே. குழந்தைக்குத் தானே பின்னால் பயன்படும் என்று தனியாரிடம் சேமித்து வைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைப்பதில்லை.

கொழுப்பிலிருந்து எடுத்தாலும் அதேதான் என்று நினைப்பது

1991இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்லன் எலும்பை உண்டாக்கும் இத்தகைய செல்களுக்கு 'மீசென்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்தார். 2006இல் ஒரு சர்வதேச அமைப்பு இதற்கு அடையாள விதிகளை வகுத்தது: ஆய்வுக்கூடத்தின் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி வளர வேண்டும், மேற்பரப்பில் குறிப்பிட்ட சில புரதங்கள் இருக்க வேண்டும், தட்டிலேயே எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு செல்களாக மாற வேண்டும். வயிற்றுக் கொழுப்பு, பல்லின் உட்கூழ், தொப்புள்கொடி என எங்கிருந்து எடுத்தாலும் ஏறக்குறைய தேறிவிடலாம். உடலுக்குள் வைத்தால் எலும்பு கட்டுமா என்று அந்த விதிகள் கேட்கவே இல்லை. 2017இல் கேப்லனே இந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். உடலில் செலுத்தப்படும் இந்த செல்கள் தாமே திசுவாக மாறுவதைவிட, சுற்றியுள்ள செல்களுக்குச் சமிக்ஞை அனுப்பும் வேலையைத்தான் செய்கின்றன என்பது அவர் வாதம்.

2018இல் ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் சான், மைக்கேல் லாங்கேக்கர் குழு மனித எலும்புக்கூட்டு ஸ்டெம் செல் என்று ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தது. அது எலும்பாகும், குருத்தெலும்பாகும், மஜ்ஜையைத் தாங்கும் திசுவாகும். கொழுப்பாக மட்டும் ஆகாது. தட்டில் மூன்று விதமாகவும் மாறும் பழைய செல்லும் இதுவும் ஒன்றல்ல. ஸ்டான்ஃபோர்டு செய்தியைக் காட்டி விளம்பரம் செய்யும் இடத்தில் ஊசியில் ஏற்றப்படுவது எந்த செல் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கொழுப்பிலிருந்து வடித்ததாகவோ, மஜ்ஜையைச் சுழற்றிச் செறிவாக்கியதாகவோ இருக்கும்.

சிவப்பைப் பார்த்து எலும்பு என்று சொல்வது

இது ஆய்வுக்கூடத்தில் நடக்கும் தவறு. ஆனால் நாளிதழில் வரும் 'தட்டில் எலும்பு வளர்த்தனர்' என்ற செய்தியின் வேர் பல சமயம் இங்கேதான் இருக்கிறது.

தட்டில் செல்களைப் பரப்பி, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வைட்டமின் சி, பாஸ்பேட் தரும் பீட்டா கிளிசெரோபாஸ்பேட் மூன்றையும் ஊட்டநீரில் கலந்து, மூன்று வாரம் போல வைக்கிறார்கள். பிறகு அலிசரின் ரெட் சாயத்தை ஊற்றிக் கழுவினால் தட்டில் செக்கச்செவேலென்று திட்டுத்திட்டாகத் தெரியும். அந்தப் படம்தான் ஆய்வேட்டில் முதலில் வரும். ஆனால் சாயம் பிடித்திருப்பது கால்சியத்தை, எலும்பை அல்ல. செல்லில் உள்ள நொதி கிளிசெரோபாஸ்பேட்டை உடைத்துப் பாஸ்பேட்டை வெளியே விடுகிறது. அது ஊட்டநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடுகிறது. அளவு கூடிப்போனால் இன்னும் சுலபமாகப் படியும். செத்துக்கிடக்கும் செல்கள்மீதும் கால்சியம் ஏறும், அதுவும் சிவப்பாகத்தான் தெரியும்.

உண்மையான தேர்வு வேறு. செல்களைக் கால்சியம் பாஸ்பேட் பீங்கான் துகள்களில் ஏற்றி, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியின் தோலுக்கடியில் வைத்து, இரண்டு மாதம் போலக் காத்திருந்து, வெட்டிப் பார்க்க வேண்டும். கொலாஜன் என்ற புரத நார் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறதா, அதற்குள் எலும்பு செல்கள் சிறைப்பட்டிருக்கின்றனவா, பக்கத்தில் ரத்தக்குழாயும் மஜ்ஜையும் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அந்த எலும்பு செல்கள் மனிதருடையவையா, எலியுடையவையா என்பதும் உறுதியாக வேண்டும். ஒரு செய்தியைப் படிக்கும்போது இந்தக் கட்டம் நடந்ததா என்று மட்டும் தேடுங்கள். நடக்கவில்லை என்றால் அது ஆரம்பக்கட்ட வேலை, அவ்வளவே.

நிறைய உறிஞ்சினால் நிறைய கிடைக்கும் என்ற கணக்கு

இடுப்பெலும்பில் ஊசியை ஒரே இடத்தில் வைத்து இழுத்துக்கொண்டே போனால், சிரிஞ்சு நிறையும். ஆனால் மஜ்ஜையைவிட ரத்தம்தான் அதிகம் வரும். ஓரிடத்தில் 2 மில்லிக்கு மேல் எடுக்க வேண்டாம், ஊசியை நகர்த்தி வேறு இடத்தில் எடுங்கள் என்று 1997இலேயே அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜார்ஜ் மஷ்லர் குழு சொல்லிவிட்டது. 1 மில்லி எடுக்கும் இடத்தில் 4 மில்லி எடுத்தால் எலும்பை உண்டாக்கும் செல்களின் அடர்த்தி ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை அவர்கள் அளந்திருந்தார்கள்.

அடர்த்தி ஏன் முக்கியம் என்பதற்கு பிரான்சின் எலும்பு மருத்துவர் பிலிப் ஹெர்னிகோ 2005இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். கூடாத கால் எலும்போடு வந்த 60 பேருக்கு அவர்களுடைய மஜ்ஜையையே செறிவாக்கி முறிவிடத்தில் செலுத்தினார். 53 பேருக்குக் கூடியது. கூடாத 7 பேருக்குச் செலுத்தியதில் எலும்பை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கையும் அடர்த்தியும் குறைவாக இருந்தன. "எத்தனை மில்லி போட்டீங்க?" என்ற கேள்வியைவிட "எத்தனை செல் இருந்தது, எண்ணினீங்களா?" என்ற கேள்விதான் மருத்துவரைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். அந்த 60 பேரிலும் முறிவிடத்தில் கிருமித்தொற்று உள்ளவர் ஒருவரும் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செல் மட்டும் போதும் என்று நம்புவது

சென்ட்ரிங் ஆடினால் நல்ல சிமென்ட்டும் நிற்காது. பிளேட் தளர்ந்து முறிவிடம் அசைந்துகொண்டிருந்தாலோ, உள்ளே சீழ் இருந்தாலோ, ரத்த ஓட்டம் போயிருந்தாலோ, எவ்வளவு நல்ல செல்லும் வீண்தான். சிகரெட் பிடிப்பவருக்கு எலும்பு கூடத் தாமதமாவது எலும்பு மருத்துவர்கள் தினம் பார்க்கும் விஷயம். ஊசிக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு வாசலில் நின்று பற்றவைப்பவர்களை என்ன சொல்ல.

காலமும் முக்கியம். ஸ்டீராய்டு, மது போன்றவற்றால் இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு ரத்தம் குறைந்து எலும்பு சாகும் நோய்க்கு மஜ்ஜை செல்களைச் செலுத்திப் பார்க்கிறார்கள். பந்து உருண்டையாக இருக்கும்வரைதான் அதற்குப் பொருள். அமுங்கிவிட்ட பிறகு, மூட்டு மாற்று அறுவைதான் பேச்சு.

எலும்பு வேண்டாத இடத்தில் எலும்பு

'சொந்த செல்தானே, கெடுதல் வராது' என்பதற்கு ஒரு பதில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்தது. 2012 வாக்கில் செய்தியானது. முகச்சுருக்கம் நீங்க ஒரு பெண்ணுக்கு அவர் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்களைக் கண்ணைச் சுற்றிச் செலுத்தினார்கள். கூடவே தோலை நிமிர்த்தும் ஒரு நிரப்பியும் போட்டிருந்தார்கள். அந்த நிரப்பியில் இருந்தது கால்சியம் சார்ந்த பொருள். சில மாதங்களில் வலது கண்ணைத் திறந்தால் வலி. திறக்கும்போதெல்லாம் 'கிளிக்' என்று ஒரு சத்தம். பல மணிநேர அறுவையில் இமையிலிருந்தும் கண்ணைச் சுற்றியும் எடுத்தவை எலும்புத் துணுக்குகள். செல்லோடு கால்சியத்தைச் சேர்ப்பது, அதாவது ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே செய்யும் கலவை, அங்கே தெரியாமல் நடந்துவிட்டது.

காகிதம் கேட்காமல் கையெழுத்துப் போடுவது

2017இல் வந்த இந்தியாவின் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகள் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நோயாளிக்குத் தரலாம். முறையாக ஒப்புதல் வாங்கிய தயாரிப்புகள் ஒன்றிரண்டு உண்டு. அவை எந்த நோய்க்கு ஒப்புதல் பெற்றவை என்று பார்ப்பது அவசியம். மூட்டுத் தேய்மானத்துக்கும் இதே ஊசிதான் என்று சொன்னால், 2023இல் அமெரிக்காவில் 475 பேரிடம் நடந்த ஆய்வை நினைவில் வையுங்கள். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என மூன்று வகை செல்லும், வழக்கமான ஸ்டீராய்டு ஊசியைவிட ஓராண்டில் மேலாக இல்லை.

ஆய்வு என்று சொல்கிறவர்களிடம் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். ஆய்வு என்றால் அந்த செல்லுக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. பதிவு எண்ணும் இல்லை, பில்லும் நீளமாக இருக்கிறது என்றால், எக்ஸ்-ரேக்களைச் சுருட்டிக்கொண்டு இன்னொரு எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.