இலை பொறுக்குவதும் படிப்புதான்: ஒன்ராறியோ ஆரம்பப் பாடசாலையில் பிள்ளையின் முதல் இலையுதிர் காலம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வந்து பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்துவிட்ட பெற்றோர், சில வாரங்கள் போனதும் கவலையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கே எப்போது படிப்பிக்கத் தொடங்குவார்கள்?" பையில் பாடநூல் இல்லை. கொப்பியில் எழுத்தும் அதிகம் இல்லை. பிள்ளை மாலையில் கொண்டு வருவது காய்ந்த இலைகள், ஒரு பூசணி விதை, நிறம் தீட்டிய ஒரு தாள். ஊரில் இரண்டாம் வகுப்பிலேயே வாய்ப்பாடு ஒப்புவித்த பிள்ளையை இப்படிப் பார்க்கும்போது மனம் பதறுவது இயல்புதான். ஆனால் அந்த இலைதான் பாடம். அதை எப்படிப் பாடமாகப் பார்ப்பது, வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒன்ராறியோவின் முதலாம் வகுப்பு அறிவியல் பாடத்திட்டத்தில், நாளிலும் பருவத்திலும் ஏற்படும் மாற்றங்கள் ஒரு தனி அலகு. மூன்றாம் வகுப்பில் தாவரங்களின் வளர்ச்சியும் மாற்றமும் வருகின்றன. படிக்க வேண்டிய பொருள் வெளியே மரத்தில் இருக்கும்போது ஆசிரியர் அதன் படத்தைக் காட்டிக்கொண்டிருக்க மாட்டார். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவார்.

ஆகவே முதலில் உடுப்பு. தூறல் மழைக்காக வகுப்பு வெளியே போவதை நிறுத்த மாட்டார்கள். இடைவேளையிலும் பிள்ளைகள் வெளியில்தான் நிற்பார்கள். காலையில் குளிர்ந்து மதியம் வெயில் அடிக்கும் காலம் இது. தடித்த ஒரே சட்டையைவிட, ஒன்றின் மேல் ஒன்றாகக் கழற்றக்கூடிய மெல்லிய சட்டைகள் நல்லவை. நீர் புகாத ஜாக்கெட், இறப்பர் சப்பாத்து, பையில் ஒரு சோடி மாற்றுக் காலுறை, வகுப்புக்குள் அணிய இன்னொரு சப்பாத்து ஆகியவை போதும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். பிள்ளைகள் விரைவாக வளர்வதால், ஒருமுறை பாவித்த பொருட்கள் விற்கும் கடைகளில் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

இனி இலை. பெரும்பாலான வகுப்புகளில் நடக்கும் வேலை இது: இலையை நரம்பு மேலே தெரியும்படி மேசையில் வைத்து, அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, கிரேயனைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்ப்பார்கள். முதலில் நடு நரம்பும், பிறகு கிளை நரம்புகளும், கடைசியில் ஓரத்தின் பற்களும் தாளில் எழும்பி வரும். வகுப்பு உதவிக்குப் போயிருந்த ஒரு நாள், ஆங்கிலம் தெரியாததால் வாய் திறக்காமலே இருந்த ஒரு சிறுமி, அந்த நரம்புகளை விரலால் தடவியபடி பக்கத்துப் பிள்ளையிடம் தன் தாளை நீட்டியதைப் பார்த்தேன். இருவரும் இலைகளை மாற்றிக்கொண்டு திரும்பவும் தேய்த்தார்கள். மொழி வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளை உற்றுப் பார்க்கவும், ஒப்பிடவும், வகைப்படுத்தவும் தொடங்கிவிட்டாள். இந்த மூன்றும் அறிவியலின் அடிப்படைத் திறன்கள்.

அடுத்து, இலை ஏன் நிறம் மாறுகிறது என்ற கேள்வி வரும். இதைப் பெற்றோரும் அறிந்திருந்தால் வீட்டில் நல்ல பேச்சு நடக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஏறக்குறைய ஒரு மணி நேரமளவுதான் கூடிக் குறையும். ரொறன்ரோவிலோ, செப்டெம்பர் தொடக்கத்தில் 13 மணி நேரத்துக்கு மேல் இருக்கும் பகல், நவம்பர் முடியும்போது 9 மணி நேரத்தைச் சற்றே தாண்டி நிற்கும். பகல் குறையக் குறைய மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்துகிறது. பச்சை மறைந்ததும், இலைக்குள் ஏற்கெனவே இருந்த மஞ்சளும் செம்மஞ்சளும் வெளியே தெரிகின்றன. மேப்பிளின் சிவப்பு மட்டும் வேறு கதை. அது இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு இலையுதிர் காலத்தில் புதிதாக உண்டாவது. நல்ல வெயில் பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வந்தால் சிவப்பு ஆழமாகும். கடைசியில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு வளர்ந்து இலை உதிர்கிறது. பனிக்காலத்தில் உறைந்த நிலத்திலிருந்து மரத்தால் நீர் எடுக்க முடியாது. இலை இருந்தால் உள்ள நீரும் போய்விடும். ஊரில் தேக்கு வறட்சியில் இலை உதிர்ப்பதும் நீரைக் காக்கத்தான். இதை உங்கள் பிள்ளை வகுப்பில் சொன்னால், ஆசிரியர் வேறெங்கும் கேட்டிராத ஒரு உதாரணமாக அது இருக்கும்.

இதை முதலில் வீட்டில் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். நரம்பு, காம்பு, பச்சையம், உதிர்தல் என்று தமிழில் பொருள் புரிந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் வந்து ஒட்டிக்கொள்ள அதிக நாள் எடுக்காது. ஆங்கிலம் விரைவாக வரவேண்டும் என்று வீட்டில் தமிழைக் குறைப்பது தவறான வழி என்று உறுதியாக நம்புகிறேன். வீட்டு மொழியில் சிந்திக்கும் பிள்ளை வகுப்பில் பின்தங்குவதில்லை.

இலை பொறுக்கும் இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், கிழக்கு ஓரத்தில் உள்ள ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இந்தப் பருவத்தில் நடக்க மிக அழகான இடம்; ஆனால் தேசியப் பூங்காவிலிருந்து இலை, கல், விதை எதையும் எடுத்துப் போகக் கூடாது. அங்கே பாருங்கள், படம் எடுங்கள். பொறுக்குவதை உங்கள் தெருவோரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பற்றைகளில் மூன்று மூன்று இலையாக வளரும் நச்சுப் படர்கொடி இலையுதிர் காலத்தில் கவர்ச்சியான சிவப்பாக மாறும். தொட்டால் தோல் கொப்பளிக்கும். மூன்று இலை சேர்ந்திருந்தால் தொடக் கூடாது என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். புல்வெளி நடையின்போது காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டு, வீடு திரும்பியதும் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைப் பாருங்கள்.

செப்டெம்பர் முதல் வாரங்களில் சில வகுப்புகளில் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களைப் பார்க்கலாம். மஞ்சள், கறுப்பு, வெள்ளைக் கோடு போட்ட புழு, பொன் புள்ளிகள் வைத்த பச்சைக் கூட்டுப்புழுவாகத் தொங்கும். வெளிவரும் நாள் நெருங்கியதும் கூடு கண்ணாடி மாதிரித் தெளிந்து, உள்ளே மடித்த சிறகு தெரியும். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிவைத்து, பிறகு பறக்கவிடுவார்கள். இந்தப் பூச்சிகள் நடு மெக்சிக்கோவின் மலைக்காடுகள் வரை பறந்து போகின்றன. அவை போய்ச் சேரும் இடம் 1975இல்தான் அறிவியல் உலகுக்குத் தெரிய வந்தது. அதற்காகப் பல பத்தாண்டுகள் சிறகுகளில் சிறு அடையாளச் சீட்டு ஒட்டித் தேடியவர்கள் ஃபிரெட் அர்க்கார்ட், நோரா அர்க்கார்ட் தம்பதியர். ஃபிரெட் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர். நம் பிள்ளைகள் பலர் வளரும் அதே ஊரில் நடந்த ஆராய்ச்சி இது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: மொனார்க் புழு தின்னும் பால்செடி, நம் ஊர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. எருக்கை உண்டு வளரும், செம்மஞ்சள் சிறகுடைய நம் ஊர் வண்ணத்துப்பூச்சி மொனார்க்கின் நெருங்கிய உறவு.

ஒக்டோபரில் பூசணி வரும். ஒக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலும் நாள் விடுமுறை. 31ஆம் திகதி, பிள்ளைகள் வேடம் போடும் ஹலோவீன். இந்த இடைவெளியில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு கணிதமே நடத்திவிடுவார்கள். சுற்றளவு எவ்வளவு இருக்கும் என்று முதலில் மதிப்பிட்டு, பிறகு நூலால் சுற்றி அளப்பார்கள். நீரில் போட்டால் மிதக்குமா என்று ஊகித்துப் பார்ப்பார்கள் (மிதக்கும்). விதைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவார்கள். சிறு பிள்ளைகள் இடமதிப்பைக் கையால் தொட்டுப் படிக்கும் நேரம் அது. இங்கே மதிப்பீடு என்பது தனித் திறன். உங்கள் பிள்ளை நூறு என்று சொல்லி விதை முந்நூறு வந்தால் அது பிழையான விடை ஆகாது. ஏன் நூறு என்று நினைத்தாய் என்றுதான் ஆசிரியர் கேட்பார். வீட்டில் பூசணிக் கறி வைக்கும் நாளில் நீங்களும் அதையே கேளுங்கள்.

வகுப்புக்கு உணவு கொடுத்துவிடும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளால் பல பாடசாலைகளில் கச்சானும் பிற கொட்டை வகைகளும் அறவே கூடாது. ஹலோவீன் வேடம் கட்டாயம் இல்லை. செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த உடுப்பு போதும் என்று சொல்லும் பாடசாலைகளும் உண்டு. அப்பிள் தோட்டத்துக்குப் போகும் பயணத்துக்கு அனுமதிப் படிவம் வரும். கையெழுத்திடாவிட்டால் பிள்ளை போக முடியாது. கட்டணம் சுமையாக இருந்தால் அலுவலகத்தில் தயங்காமல் சொல்லுங்கள். உதவ வழி வைத்திருப்பார்கள்.

எளிதாகக் கடந்துவிட முடியாத நாட்களும் இந்தப் பருவத்தில் உண்டு. செப்டெம்பர் 30 அன்று பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை அணிவார்கள். 1973இல் ஆறு வயதான பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பூர்வகுடிச் சிறுமிக்குப் பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் செம்மஞ்சள் சட்டையை, உறைவிடப் பாடசாலையின் முதல் நாளிலேயே பறித்துக்கொண்டார்கள். அந்தப் பாடசாலைகள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்தன. உங்கள் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு வந்து கேள்வி கேட்கும்; உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். நவம்பர் 11, காலை 11 மணிக்குப் போரில் இறந்தோரை நினைத்து இரண்டு நிமிட மௌனம் நடக்கும். போரைக் கண்டு வந்த குடும்பமாக இருந்தால் முன்கூட்டியே ஆசிரியரிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை அழுதாலோ ஒதுங்கினாலோ அவருக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

நவம்பரில் வீட்டுக்கு வரும் முன்னேற்ற அறிக்கையில் மதிப்பெண்ணோ தர எழுத்தோ இருக்காது. ஒவ்வொரு பாடத்திலும் மிக நன்றாக, நன்றாக, அல்லது சிரமத்துடன் முன்னேறுகிறார் என்று மட்டும் குறிப்பார்கள். அதோடு பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செய்தல், கூடிச் செய்தல், தானாக முன்வருதல், தன்னைக் கட்டுப்படுத்துதல் ஆகிய ஆறு பண்புகளும் இருக்கும். அந்தப் பகுதியைப் பலர் புரட்டிவிட்டுப் போகிறார்கள். அதைத்தான் முதலில் வாசியுங்கள். இலை தேய்த்த நாளும் விதை எண்ணிய நாளும் அங்கேதான் பதிவாகியிருக்கின்றன.

அறிக்கையை ஒட்டிப் பெற்றோர் சந்திப்பு நடக்கும். கிடைக்கும் நேரம் குறைவு என்பதால், "பிள்ளை எப்படி?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "வெளி வேலைகளில் என்ன கவனித்தாள்? குழுவில் பேசுகிறாளா? அடுத்த அலகுக்கு வீட்டில் எந்தச் சொற்களைப் பழக்கலாம்?" என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் சந்திப்பு நாள் அறிவித்தவுடனேயே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவும் குடியேற்றப் பணியாளர் அந்தப் பாடசாலைக்கு வருவதுண்டா என்றும் அதே மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.