லூப்புக்குள் சரி, வெளியே 0

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்காக, எடைச்சீட்டு ஃபைலைக் கூட்டிச் சொல்லும் பாஷ் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் நிரல்) ஸ்கிரிப்ட் எழுதினேன். மொத்தம் எப்போதும் 0. மூன்று நாள் போனது.

மாறியை ஃபங்ஷனுக்குள் மட்டும் அடக்கும் 'லோக்கல்' வார்த்தையை எடுத்தேன்; பலனில்லை. விண்டோஸ் வரிமுடிவோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. அப்புறம், வரிவரியாகப் படித்துக் கூட்டும் லூப்புக்குள்ளேயே எக்கோ (திரையில் காட்டும் கட்டளை) போட்டால் 420, 875, 1310 என்று ஒழுங்காக ஏறுகிறது! லூப்பை முடிக்கும் 'டன்' (done) தாண்டியதும் மறுபடி 0. அதே வரிகளை வீட்டு மேக்கில் ஒட்டினால் சரியான விடை.

வில்லன் பைப்: ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்குக் கடத்தும் '|' குறி. ஃபைலில் உள்ளதை வெளியே தரும் கேட் (cat) கட்டளையிலிருந்து பைப் வழியாக வொயில் (while) லூப்புக்குக் கொடுத்தால், பாஷ் அந்த லூப்பைத் தனி சப்ஷெல்லில் (தன்னுடைய தனிப் பிரதியில்) ஓட்டும். அங்கே கூட்டியது அதோடு போய்விடும். மேக்கில் இருந்த இசட்ஷெல் (zsh, பாஷ் போன்ற இன்னொரு ஷெல்) பைப்பின் கடைசிப் பகுதியைத் தன்னிடமே ஓட்டிக்கொள்ளும்.

கேட்டையும் பைப்பையும் தூக்கிவிட்டு, 'டன்'னுக்குப் பின்னால் '<' போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தேன். மொத்தம் வந்தது. அப்பாடா!